தேய்ந்த மரப்படியைத் தூக்கிப் போடலாமா?

வீட்டுப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல மரப்படி பற்றியவை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் மச்சு வைத்த பழைய ஓட்டு வீடுகள் இன்னும் நிறையவே நிற்கின்றன, மேலே ஏற இருப்பது ஒரே ஒரு மரப்படி, அதுவும் செங்குத்தானது. அது ஆட்டம் கண்டால் வீட்டில் பாதி பூட்டிக் கிடக்கும். அதனால் இந்த இதழில் மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டுப் படிக்கே இடம் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் வீடு மாமனாரின் அப்பா கட்டியது. மச்சுக்குப் போகும் படி பலாமரம், பதினொரு படி. கீழே உள்ள நாலைந்து படிகள் முன் விளிம்பில், நடுவில் மட்டும், குழிந்துவிட்டன. போன மழைக்கு மகள் இறங்கும்போது சறுக்கி இடுப்பில் அடி. ஆசாரி வந்து பார்த்து மொத்தமாக மாற்ற வேண்டும் என்கிறார். மகன் இரும்புப் படி வைத்துவிடலாம் என்கிறான். எனக்கு மனசில்லை. வேறு வழி உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தக்கலை

டீச்சர், நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் கெட்டிருப்பது படி இல்லை, நாலைந்து பலகைகளின் முன்பக்கம் இரண்டு அங்குலம்தான். அதற்காக வைரம் பாய்ந்த பலாமரத்தைப் பெயர்த்து விறகாக்குவதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது. பலா லேசுப்பட்ட மரமில்லை. உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனையில், தாய்க்கொட்டாரம் என்கிற பகுதியில் நிற்கும் அந்தத் தூண் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கியது, மேலே இருந்து கீழே வரை சிற்ப வேலை, இன்றைக்கும் கிட்டே நின்று பார்க்கலாம். ஒரு நாள் மகனையும் கூட்டிக்கொண்டு போய், அந்தத் தூணையும் அங்குள்ள மரப்படிகளையும் காட்டுங்கள். அவரே மனசு மாறிவிடுவார்.

முதலில் தேய்ந்ததா, உளுத்ததா என்று பார்த்துவிட வேண்டும், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒவ்வொரு பலகையின் அடியிலும், இரண்டு ஓரமும் பக்கச்சட்டத்துக்குள் நுழைகிற இடத்திலும் அழுத்திக் குத்துங்கள். நல்ல மரம் என்றால் முனை உள்ளே போகாது, லேசாகத் தடம் மட்டும் விழும். கால் அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்த இடம் உளுத்தது. பிறகு கொட்டாப்புளியால் தட்டிக் கேளுங்கள், கெட்டியாக ஒலித்தால் நல்லது, பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே காலி.

எல்லாரும் பார்க்காமல் விடுகிற இடம் ஒன்று உண்டு, பக்கச்சட்டத்தின் கால். பழைய ஆட்கள் அதை ஒரு கல்லின் மேல் நிறுத்தித் தரையிலிருந்து தூக்கித்தான் வைத்தார்கள். பிற்பாடு வீட்டுக்கு சிமென்ட் தரையும் அப்புறம் டைல்ஸும் போடும்போது அந்தக் கல்லையும் மரத்தின் காலையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். தினமும் தரை துடைக்கிற தண்ணீர் மரத்துக்கும் சிமென்டுக்கும் இடையிலுள்ள முடி அளவு இடைவெளியில் இறங்கி, வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நிற்கும். மேலே படி எல்லாம் கல்லுப் போல இருக்க, கால் மட்டும் கையால் பிய்க்கிற மாதிரி ஆகிவிடும். உங்கள் வீட்டில் அப்படி மூடியிருந்தால் சுற்றிலும் ஒரு அங்குலம் சிமென்டைக் கொத்தி எடுத்துக் காற்றுப்படச் செய்யுங்கள். கால் போயிருந்தால் போன பகுதியை மட்டும் அறுத்துவிட்டு அடியில் கருங்கல் துண்டு கொடுக்கலாம். பழைய மரத்தோடு புது மரத்தைச் சேர்த்து ஏற்றுவதானால் பாதிப் பாதியாகச் சீவி ஒன்றன் மேல் ஒன்று படிகிற மாதிரி இணைத்து, போல்ட் போட வேண்டும், வெறும் ஆணி அடித்து ஒட்டுப்போட்டால் பாரம் தாங்காது.

மரம் நன்றாக இருக்கிறது, தேய்மானம் மட்டும்தான் என்று தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. படி ஏன் முன்னால், நடுவில் மட்டும் குழிகிறது? எல்லாரும் நடுவில்தான் கால் வைக்கிறோம், இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் அந்த விளிம்பில்தான் விழுகிறது, முற்றத்திலிருந்து காலோடு வருகிற மணல் உப்புத்தாள் மாதிரி அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. பின்பக்கம் கால் படுவதே இல்லை. அந்தப் பின்பக்கம்தான் உங்களுடைய முதலீடு.

பழைய வீட்டு மச்சுப்படிகளில் பெரும்பாலும் படிக்கும் படிக்கும் நடுவில் அடைப்புப் பலகை இருக்காது, திறந்துதான் இருக்கும். பலகையின் இரண்டு முனையும் பக்கச்சட்டத்தில் வெட்டிய காடிக்குள் உட்கார்ந்திருக்கும், சில படிகளில் கழுந்து (பலகை முனையில் நாக்கு மாதிரி செதுக்கிய பகுதி) வெளியே வந்து ஆப்பு வைத்து இறுக்கியிருப்பார்கள். உங்களுடையதும் அப்படித்தான் என்றால் பலகையைக் கழற்றித் திருப்பிப் போட்டுவிடலாம். எப்படித் திருப்புவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கழற்றும் முன்பே ஒவ்வொரு பலகையின் மேற்புறம் முன் விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடும் எண்ணும் போடுங்கள். திருப்பி வைத்தபின் அந்தக் கோடு அடியில், பின்பக்கம் இருக்க வேண்டும். அதாவது இடது முனை இடதாகவே இருக்கும், பலகை மட்டும் நீளவாக்கில் உருண்டு, பின் விளிம்பு முன்னாலும் அடிப்புறம் மேலாகவும் வரும். குழி யாருடைய காலும் படாத இடத்துக்குப் போய்விடும். பலகையின் இடம் வலத்தை மாற்றி, மேற்புறத்தை மேலாகவே வைத்தால் குழி பின்னால் மேலேயே நிற்கும், தூசியும் தண்ணீரும் அதில் தங்கும். முன் விளிம்பை முன்னாலேயே வைத்துத் தலைகீழாகப் போட்டாலோ அதைவிட மோசம், மிதிக்கிற விளிம்புக்கு அடியில் மரம் இருக்காது, ஒரு நாள் உடைந்து வரும்.

கழுந்து பலகையின் நடுவில் இருந்தால் இந்த மாதிரி உருட்டிப் போடும்போது அப்படியே பொருந்தும். ஒரு பக்கமாகத் தள்ளி இருந்தால் பொருந்தாது, அதைக் கழற்றும் முன்பே ஆசாரியிடம் பார்க்கச் சொல்லுங்கள். பலகை குழிந்த இடத்திலும் ஒரு அங்குலத்துக்கு மேல் கனம் மிச்சம் இருக்க வேண்டும். மூன்றடி அகலப் படியில் அதற்குக் கீழே போனால் நான் நம்பி மிதிக்க மாட்டேன். இன்னொன்று, அடிப்புறத்தை அந்தக் காலத்தில் இழைத்திருக்க மாட்டார்கள், வாள் தடம் அப்படியே கிடக்கும். திருப்பியபின் ஒரு இழைப்பு இழைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் அதிகம் வேண்டாம், லேசான சொரசொரப்பு காலுக்கு நல்லதுதான்.

திருப்ப வழியில்லை என்றால், அடைப்புப் பலகை உள்ள படி என்று வையுங்கள், அப்போது விளிம்பை மாற்றலாம். தேய்ந்த குழியில் மட்டும் மரத்துண்டு பதிப்பதைவிட, பலகையின் முழு அகலத்துக்கும் முன் விளிம்பை இரண்டு இரண்டரை அங்குலம் அறுத்து எடுத்துவிட்டு, அதே அளவில் புதுச் சட்டம் ஒட்டுவதுதான் நிலைக்கும். பலாவுக்குப் பலாதான், ரேகை ஓடுகிற திசையும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைக்கு ஒன்று ஊதி ஒன்று ஊதாமல் ஒட்டு பிளந்துவிடும். மரத்துக்கு மரமில்லுக்குப் போய் புதுத்தடி வாங்க வேண்டாம். காற்றில் உலர்த்தினால் ஒரு அங்குலக் கனத்துக்குச் சுமார் ஒரு வருஷம் ஆகும், நேற்று அறுத்த பலகையை இன்றைக்கு ஒட்டினால் மூன்றாம் மாதம் சுருங்கும். இடித்த ஓட்டு வீடுகளின் கழுக்கோல், உத்திரம், பழைய கதவுச் சட்டம் விற்கிற கடைகளில் தேடுங்கள், அது சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்த மரம். உள்ளே பழைய ஆணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாளை வைக்கச் சொல்லுங்கள்.

ஒட்டும்போது இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள். எங்கேயாவது வெளிச்சம் ஒழுகினால் இன்னும் இழைக்க வேண்டும். கோந்து இடைவெளியை நிரப்பும் என்று நினைக்காதீர்கள், மரமும் மரமும் தொட்டால்தான் பிடிப்பு. ஃபெவிகாலில் தண்ணீர் தாங்குகிற மரைன் வகையை வாங்குங்கள். கிளாம்ப் இல்லாவிட்டால் கயிற்றைச் சுற்றிக் கட்டைத் துண்டால் முறுக்கி இறுக்கலாம், நம் ஆசாரிமாருக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு நாள் முழுக்க யாரும் மிதிக்கக்கூடாது. பிறகு முன்னாலிருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ, அரையடிக்கு ஒன்று, முதலில் துளை போட்டுவிட்டு. ஸ்க்ரூவின் தலை அரை அங்குலம் உள்ளே போகட்டும், அதன் மேல் அதே மரத்தில் செதுக்கிய முளையைக் கோந்து தடவி அடித்து, சீவிவிடலாம். கூர்விளிம்பை லேசாக உருட்டிவிடுங்கள், அதிகம் உருட்டினால் மறுபடி சறுக்கும்.

குழியில் மரத்தூளும் கோந்தும் குழைத்து அப்புவது, எம்-சீல் வைப்பது, சிமென்ட் பூசுவது எல்லாம் வேண்டாம். விரிசலுக்கும் ஆணித் துளைக்கும் மரத்தூள் சரி. மிதிபடும் விளிம்பில் அது ஒரு மழைக்காலத்துக்குக்கூட நிற்காது, ஓரம் பெயர்ந்து நிற்கும்போது முன்னைவிட ஆபத்து. அதேபோல் தேய்ந்த படிகளின் மேல் மட்டும் பிளைவுட் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். நம் கால் முதல் இரண்டு படியிலேயே உயரத்தைக் கணக்குப் பண்ணிக்கொள்ளும், அப்புறம் பார்க்காமலே நடக்கும். நாலு படி ஒரு உயரம், ஐந்தாவது முக்கால் அங்குலம் கூட என்றால் அங்கேதான் விழுவோம். பழுது பார்த்து முடித்தபின் அளவுகோலை வைத்து ஒவ்வொரு படியும் ஒரே உயரம்தானா என்று அளந்து பாருங்கள்.

மகனுக்கு ஒரு வார்த்தை: தேசியக் கட்டட விதிகள் வீட்டுப்படிக்கு மிதி குறைந்தது 250 மில்லிமீட்டர், உயரம் அதிகபட்சம் 190 மில்லிமீட்டர் என்று சொல்கின்றன. உங்கள் மச்சுப்படி நிற்கிற இடத்தில் அந்த அளவுக்குப் படி வைக்க நீளம் போதாது, இரும்பில் செய்தாலும் அதே செங்குத்தாகத்தான் வரும். ஈரக்கால் வைத்தால் இரும்பு மரத்தைவிட அதிகம் வழுக்கும். நம் மாவட்டத்துக் காற்றில் துருவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தனை செலவழித்து ஒரு லாபமும் இல்லை.

வேலையைத் தை பிறந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு இரண்டு மழை, வைகாசிப் பாதியில் தொடங்குவது ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. நடுவில் மரம் முழுசாகக் காய்வதே தை, மாசி, பங்குனியில்தான்.

எங்கள் வீட்டு மரப்படி யார் ஏறினாலும் கிரீச்சென்று கத்துகிறது. ராத்திரி பிள்ளை எழுந்துவிடுகிறது. ஆணி அடித்துப் பார்த்தோம், பத்து நாளில் பழையபடி கத்துகிறது.
– வாசகி, குளச்சல்

ஆணி அடித்ததுதான் காரணம், அக்கா. பலகை ஆணியின் மேல் ஏறி இறங்கி உரசுகிற சத்தம்தான் அது. மரம் மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும், ஆணி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். கடற்கரைக் காற்றில் இரும்பு ஆணி துருப்பிடிக்கும், துருவும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் ஆணியைச் சுற்றிக் கறுத்துவிடும், பார்த்திருப்பீர்கள், அந்தக் கறுத்த வட்டத்தில் மரமும் இளகியிருக்கும்.

ஆணியைப் பிடுங்கி, துளையில் கோந்து தடவிய மரமுளை அடித்து மூடுங்கள். அதே துளையில் ஸ்க்ரூ போடாமல் ஒரு அங்குலம் தள்ளிப் புதுத் துளை போட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளை ஸ்க்ரூ முடுக்குங்கள். அடியில் போய்ப் பார்க்க இடம் இருந்தால் அதைவிட நல்ல வழி, மிதிபலகையும் நிற்கிற அடைப்புப் பலகையும் சேரும் மூலையில் முக்கோணக் கட்டை இரண்டு கோந்து வைத்து ஒட்டிவிடுவது. ஒருவர் மேலே மெதுவாக ஏற, ஒருவர் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் எந்த இடம் அசைகிறது என்று தெரிந்துவிடும். இன்றைக்கு ராத்திரி பிள்ளை தூங்க வேண்டும் என்றால், முகத்துக்குப் போடுகிற பவுடரை அந்த இடைவெளியில் தூவி மிதித்துவிடுங்கள், சில வாரம் அடங்கும். எண்ணெய் ஊற்ற வேண்டாம், பின்னால் கோந்து ஒட்டாது.

படிக்கு அடியில் தினமும் காலையில் மாவு மாதிரி கொட்டிக் கிடக்கிறது. செதலா (கரையான்), வண்டா? இரண்டு பலகை மாற்ற வேண்டியிருக்கும் போலிருக்கிறது. எங்கள் தோட்டத்தில் வெட்டிய ரப்பர் மரம் கிடக்கிறது, அதில் அறுத்துப் போடலாமா?
– வாசகர், குலசேகரம்

தம்பி, ரப்பர் பலகை வேண்டவே வேண்டாம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிப் போட்ட கொஞ்ச நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்வதை நீங்களே தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். வண்டுக்கும் அந்த மாவுச்சத்துதான் சாப்பாடு. கடையில் விற்கிற ரப்பர்மர நாற்காலி, மேசை எல்லாம் அறுத்த கையோடு மருந்தை அழுத்தத்தில் உள்ளே ஏற்றி, சூளையில் உலர்த்திச் செய்வது. வீட்டில் அறுத்த பலகைக்கு மேலே என்ன பூசினாலும் உள்ளே போகாது. படிக்கு அயனி, பலா, வேங்கை, பழைய தேக்கு, இவற்றில் கிடைப்பதைப் பாருங்கள். எதுவானாலும் வெள்ளைப்பகுதியைத் தள்ளிவிட்டு வைரத்தில் அறுத்ததாக இருக்கட்டும். அயனியிலே தோணி கட்டுகிறவர்கள் நம் ஆட்கள், தண்ணீரையே தாங்குகிற மரம் உங்கள் படியைத் தாங்காதா?

இப்போது மாவு விஷயம். மரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு வட்டமான துளைகள், அதிலிருந்து நைசான தூள் என்றால் வண்டு. மண் கோடு சுவரில் ஏறி வந்து மரத்தைத் தொட்டால் செதல். மண் கோடே இல்லாமல், தூளாக இல்லாமல், கையில் உருட்டினால் உருளுகிற சின்னச் சின்ன கெட்டி மணிகளாகக் கொட்டினால் அது உலர்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கிற செதல் வகை. உங்களுடையது நைஸ் மாவு என்று எழுதியிருப்பதால் வண்டு என்றுதான் நினைக்கிறேன். பழைய தூளைச் சுத்தமாகக் கூட்டிவிட்டு அடியில் கறுப்புத் தாள் விரித்து ஒரு வாரம் பாருங்கள். புதுத் தூள் விழுந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. விழாவிட்டால் அது என்றைக்கோ தின்றுவிட்டுப் போனது, துளையை அடைத்தால் போதும்.

உயிரோடு இருந்தால், ஒரு லிட்டர் வெந்நீரில் வெங்காரம் (போராக்ஸ்) 60 கிராம், போரிக் அமிலம் 40 கிராம் கரைத்து, பாலிஷ் பெயின்ட் எல்லாம் சுரண்டிய வெறும் மரத்தில் இரண்டு மூன்று தடவை ஊறும்படி பூசுங்கள், துளைகளில் ஊசியால் ஏற்றுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளும் ஆடு கோழியும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்தபின்தான் மேல்பூச்சு, அது இல்லாவிட்டால் தண்ணீர் பட்டு மருந்து கரைந்துவிடும். மண் கோடு போடும் செதல் என்றால் இது போதாது. கோட்டைத் தட்டிவிட்டுச் சும்மா இருந்தால் நாலு நாளில் வேறு வழியாக வரும், புற்று மண்ணுக்குள்ளே இருக்கிறது. அதற்கு மருந்து அடிக்கும் ஆட்களைக் கூப்பிட்டுத் தரையைச் சுற்றியும் மருந்து விட வேண்டும்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் படிக்குப் பளபளவென்று பெயின்ட் அடித்து வந்தோம். இப்போது தகடு தகடாக உரிகிறது, வழுக்கவும் செய்கிறது. அண்டி (முந்திரிக்கொட்டை) எண்ணெய் அடித்தால் செதலும் வராது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பாலிஷ் போடலாம் என்கிறார் என் கணவர். எது நல்லது?
– வாசகி, கருங்கல்

உரிவதற்குக் காரணம் நீங்கள் அடிக்கிற மாதம். கார்த்திகை மழையில் மரம் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், அது காயும் முன்பே மேலே பெயின்ட் போட்டு மூடுகிறோம், வெயில் வந்ததும் ஈரம் வெளியே வரப் பார்க்கும், பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டுதான் வரும். பண்டிகைக்கு வீட்டைப் பளிச்சென்று வைக்கிற ஆசை எனக்கும் புரிகிறது, சுவருக்கு அடியுங்கள், படியை மட்டும் மாசிக்கு விட்டுவிடுங்கள்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு நம் நாட்டில் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்று வரம்பு வைத்த விதிகள் வந்ததே 2016இல்தான். அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உலர்ந்த உப்புத்தாளோ மெஷினோ வைத்துத் தேய்க்க வேண்டாம். தண்ணீர் தொட்டு, தண்ணீருக்கான எமரித்தாளால் தேய்த்து, சேறு மாதிரி வருவதைத் துணியில் துடைத்து எடுத்துவிடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை அன்றைக்கு வேறு வீட்டில் விடுங்கள். துடைத்தபின் நன்றாகக் காயவிட்டு 120 நம்பர், கடைசியில் 180 நம்பர் தாள் போதும். அதற்கு மேல் நைஸாக்கினால் வழுக்கும்.

அண்டி எண்ணெய் நல்ல மருந்துதான், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது உண்மை. கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் அண்டியாபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், தோட்டை வறுக்கும்போது கிடைக்கிற எண்ணெய், மரத்தைச் செதலிலிருந்து காப்பாற்றத் தலைமுறை தலைமுறையாகப் பூசி வருகிறார்கள். ஆனால் அது தோலைப் பொசுக்கும். அண்டி உடைக்கிற பெண்களின் கை விரல்களைப் பார்த்த யாரும் அதைப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற படியில் பூச மாட்டார்கள். பக்கச்சட்டத்தின் கால், பலகை காடிக்குள் போகும் முனை, சுவரை ஒட்டிய பக்கம், இப்படிக் கையும் காலும் படாத இடத்தில் மட்டும் கையுறை போட்டுக்கொண்டு பூசலாம். காயவும் நாளாகும்.

கணவர் சொல்கிற அரக்கு பாலிஷ் அலமாரிக்கும் தொட்டிலுக்கும் அழகு. படியில் ஈரக்கால் பட்டால் வெளுத்துப்போகும். எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று, ஆளிவிதை எண்ணெய், காய்ச்சியது என்று கேட்டு வாங்குங்கள், துணியில் தொட்டு மிக மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிட வேண்டும், மறுநாள் மறுபடி. இது மரத்துக்குள் போய்விடும், தகடாக உரியாது, தேய்ந்த இடத்தில் மட்டும் அடுத்த வருஷம் தடவிக்கொள்ளலாம். ஆனால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகி, சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வையுங்கள், இல்லாவிட்டால் வெளியே விரித்துக் காயப்போடுங்கள். இரண்டாவது, பியூ (பாலியூரிதேன்) பூச்சு, பளபளப்பு வகை வேண்டாம், மேட் என்று கேளுங்கள். மெல்லிசாக மூன்று தடவை, நடுவில் 220 நம்பர் தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு.

பூசும்போது ஒன்று விட்டு ஒன்று பூசுங்கள். ஒற்றைப்படை எண் படிகள் இன்றைக்கு, மற்றவை நாளை மறுநாள். மாடியில் இருப்பவர்கள் ஒரு படி தாண்டி இறங்கிக்கொள்ளலாம், வயசானவர்கள் இருந்தால் மட்டும் அந்த இரண்டு நாளும் கீழேயே படுக்கட்டும். எல்லாம் காய்ந்தபின் ஒவ்வொரு படியின் முன் விளிம்பிலும் சொரசொரப்பான வழுக்குத்தடை டேப் ஒரு அங்குல அகலத்தில் ஒட்டிவிடுங்கள், ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும்.

அப்பாவுக்கு 78 வயசு. மச்சில்தான் படுப்பேன் என்று பிடிவாதம். படி செங்குத்து, ஒரு பக்கம் கயிறு மட்டும் கட்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், நாகர்கோவில்

கயிற்றை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். விழப்போகிறவர் பிடித்தால் கயிறு அவரோடு சேர்ந்து வரும். இரண்டு பக்கமும் மரக் கைப்பிடி வேண்டும், உருட்டுக்கட்டை, ஒன்றரை அங்குலத்துக்குப் பக்கமாக, விரல்கள் முழுக்கச் சுற்றிப் பிடிக்கிற கனம். பட்டையான சட்டம் பார்வைக்கு நன்றாக இருக்கும், நடுங்குகிற கைக்குப் பிடிபடாது. படி விளிம்பிலிருந்து மூன்றடி உயரம். மேலே கடைசிப் படியோடு நிறுத்திவிடாமல் இன்னும் ஒரு அடி நீட்டி விடுங்கள், இறங்கத் தொடங்குகிறவர் முதல் காலை வைக்கும் முன்பே பிடித்துக்கொள்ள அது வேண்டும்.

மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இடத்திலும் சுவிட்ச் வைத்து ஒரு விளக்கு. படி விளிம்பில் வெள்ளைக் கோடு. அப்பா துண்டையும் செம்பையும் கையில் எடுத்துக்கொண்டு இறங்குகிறவர் என்றால் மச்சிலேயே ஒரு தண்ணீர்க்குடம் வைத்துவிடுங்கள், இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். இரவில் ஒன்றுக்குப் போக இறங்குவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து, அதைப் பேசிப் பாருங்கள். மச்சில் படுக்கிற ஆசையைக் கெடுக்காமல், மழை நாட்களில் மட்டுமாவது கீழே படுக்கக் கேளுங்கள். கேட்கிற விதத்தில் கேட்டால் அப்பாமார் கேட்பார்கள்.

கைப்பிடியைச் சுவரில் பிடிக்கும்போது கவனம். பழைய சுண்ணாம்புச் சுவரில் பிளாஸ்டிக் பிளக் அடித்து ஸ்க்ரூ போட்டால் இழுத்ததும் காரையோடு வந்துவிடும். ஒன்று, படியின் பக்கச்சட்டத்திலேயே கால் ஊன்றி போல்ட் போடுங்கள். இல்லையென்றால் சுவரில் நீளமாக ஒரு மரச்சட்டம் பதித்து, அதைச் சுவரின் மறுபுறம் வரை போகிற போல்ட்டால் இறுக்கி, அதன் மேல் கைப்பிடியை வையுங்கள். வேலை முடிந்ததும் நீங்களே முழு பாரத்தையும் கொடுத்துத் தொங்கிப் பாருங்கள். அசையாவிட்டால் அப்புறம் அப்பாவைக் கூப்பிடுங்கள்.